மச்சான் காவல்

எங்கள் ராஜ்யத்தில் அப்போது குடிகாரர்களே கிடையாது. மதுவிலக்குச் சட்டம் அமலில் இருந்தது. சட்டப்படி சாராயம் இல்லை. சாராயமே இல்லாத ஊரில் குடிகாரன் மட்டும் எங்கிருந்து வருவான்? ஆனால் கடலூரிலிருந்து பாண்டிக்குப் போகும் சாயந்திர பஸ்ஸில் ஏனோ நிற்கக்கூட இடம் கிடைக்காது. போகும்போது எழவு வீட்டுக்குப் போகிறவர்களைப் போல வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள், திரும்பி வரும்போது கண்டக்டரின் தோளில் கை போட்டுக் குடும்பக் கதை சொல்லிக்கொண்டு வருவார்கள். எல்லைச் சாவடியில் போலீஸ்காரர் ஏறிப் பைகளையும் கூடைகளையும் குடைந்து பார்ப்பார். வயிற்றுக்குள் இருப்பதையும் பிடிக்கலாம் என்றுதான் சட்டம் சொன்னது. பிடிப்பதென்றால் பஸ்ஸோடு பிடிக்க வேண்டியிருக்கும் என்பதால் அவர் பேசாமல் இறங்கிக்கொள்வார்.

என் அக்காவின் கணவர், அதாவது எனக்கு மாமா, அந்த பஸ்ஸில் தவறாமல் போனவர்களில் ஒருவர். அவரே ஒரு டிரைவர்தான். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஒரு தனியார் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். பகலெல்லாம் டிரைவராகத் தெற்கே போவார். வேலை முடிந்ததும் பயணியாக வடக்கே போவார். நாளடைவில் பாண்டி வரைக்கும் போகப் பொறுமையில்லாமல் உள்ளூரிலேயே திருட்டுச் சாராயத்துக்கு வழி கண்டுபிடித்தார். ஒரு நாள் காலையில் ஆலப்பாக்கத்தைத் தாண்டியதும், நேராகப் போக வேண்டிய பஸ் ஒரு மல்லாட்டைக் கொல்லைக்குள் இறங்கி நின்றது. கடலை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் அலறி ஓடினார்கள். நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாமா இறங்கி, பஸ்ஸைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, "ரோடு திரும்பிடிச்சி" என்று சொன்னாராம்.

பஸ் முதலாளி நல்ல மனிதர். போலீஸுக்குப் போகவில்லை. "குணமாயிட்டேன்னு ஒரு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கிட்டு வா, ஸ்டியரிங்கைத் தரேன். இல்லன்னா இந்த ஷெட் பக்கமே வராத" என்றார். அக்காவுக்கு இரண்டு பெண் குழந்தைகள். ஒரு பழைய தையல் மெஷினில் அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ரவிக்கையை நம்பி நான்கு பேர் சாப்பிட முடியாது. மாமாவுக்கு ஸ்டியரிங் திரும்பக் கிடைக்காவிட்டால் அந்தக் குடும்பம் தெருவில் நிற்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாமாவுக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கவலையில் அவர் இன்னும் கொஞ்சம் குடித்தார்.

அப்போதுதான் சிதம்பரத்து டாக்டரைப் பற்றிக் கேள்விப்பட்டோம். பட்டாளத்தில் டாக்டராக இருந்து ரிடயரானவர். மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பெரிய வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்துக் குடியை நிறுத்தும் வைத்தியம் செய்துகொண்டிருந்தார். அவருடைய கண்டுபிடிப்பு எளிமையானது: ஆண் குடிப்பதற்குக் காரணம் பெண். சின்ன வயதில் அம்மா செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாள், பிறகு மனைவி நச்சரித்துக் கெடுக்கிறாள். ஆகவே ஒரு மண்டலம் பெண் வாடையே இல்லாமல் வைத்திருந்தால் ஆண் தானாகவே ஆண்மகன் ஆகிவிடுவான். அவர் மனைவி காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்த அம்மாள் என்ன சொல்லியிருப்பாள் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

குடிகாரர்களே இல்லாத ராஜ்யத்தில் குடிக்கு வைத்தியம் என்று போர்டு எழுத முடியுமா? "நரம்புத் தளர்ச்சிக்குச் சிகிச்சை. ஆண்களுக்கு மட்டும்" என்று எழுதி வைத்திருந்தார். அந்தக் காலத்தில் ஊர் ஊராக லாட்ஜில் தங்கி, ஆண்களின் அந்தரங்க வியாதிகளைத் தீர்ப்பதாகச் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டிய வைத்தியர்களின் பாஷை இது. தெரு முழுக்க அப்படித்தான் புரிந்துகொண்டது. காலேஜ் பையன்கள் சைக்கிளில் போகும்போது வேண்டுமென்றே மெதுவாகப் போய், ஜன்னலைப் பார்த்துச் சிரிப்பார்கள். மாமா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் வாசலுக்கே போய் நின்றுகொண்டு, "இன்னா சிரிப்பு? நான் குடிகாரன்யா! வெறும் குடிகாரன்! வேற ஒரு கோளாறும் கெடயாது எனக்கு!" என்று கத்தினார். அவர் இத்தனை கர்வமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

பெண்ணை விலக்கும் வேலையை டாக்டர் பட்டாளத்து ஒழுங்கோடு செய்தார். மோர்க்காரி சந்து முனையிலேயே நிறுத்தப்பட்டாள். கூடத்தில் தொங்கிய மகாலட்சுமி காலண்டர் கழற்றப்பட்டு, அந்த இடத்தில் தொடை தட்டும் பயில்வான் படம் ஒன்று வந்தது. வாசலில் வந்து கறக்கும் பசு மாட்டை மட்டும் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, போனால் போகிறது என்று விட்டார். சமையலுக்கும் ஆண்தான் வேண்டும் என்று ஒரு கல்யாணச் சமையல்காரரைப் பிடித்து வந்தார். அந்த மனிதருக்கு ஐந்நூறு இலைக்குக் குறைந்து சமைக்கத் தெரியாது. முதல் வாரம் முழுக்க சந்தில் இருந்த அத்தனை வீடுகளுக்கும் சாம்பார் எங்கள் செலவில்தான் போயிற்று. வாங்கிக்கொண்டு போனவர்கள் எல்லோரும் பெண்கள். அவர்கள் பின்பக்க வழியாக வந்ததால் டாக்டருக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் போகட்டும். அவர் போட்ட ஒரு நிபந்தனையால்தான் நானும் அந்த வீட்டில் ஒரு மண்டலம் கிடக்க வேண்டியதாயிற்று. நோயாளி ஒவ்வொருவரோடும் குடும்பத்திலிருந்து ஒரு ஆண் துணை கூடவே தங்க வேண்டும். இரவும் பகலும் அவன் நோயாளியைக் கண்காணிக்க வேண்டும். குடிக்கக் கேட்டால் கண்டிப்பாக மறுக்க வேண்டும். "மனைவியால் முடியாததை ஒரு ஆண் சாதிப்பான்" என்றார் டாக்டர். இந்த யோசனையை எந்த சீமைப் புத்தகத்தில் படித்தாரோ தெரியாது. அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கு எங்கள் ஜில்லாவில் மச்சான் என்றால் என்ன என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

யோசித்துப் பாருங்கள். குடிகாரனுக்குத் துணையாக யார் வருவார்கள்? அப்பாவுக்கு வயதாகியிருக்கும். அண்ணன் தம்பிகள் பாகப்பிரிவினையில் முகம் கொடுத்துப் பேசாமல் போயிருப்பார்கள். கடைசியில் அந்த மனிதன் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று கவலைப்படுகிற ஒரே வீடு, பெண் கொடுத்த வீடு. ஆகவே மனைவியின் தம்பியோ அண்ணனோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான். நான் போய்ப் பார்த்தால் ஏழெட்டு நோயாளிகள். துணைக்கு வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் மச்சான்கள்!

பெண் கொடுத்த வீட்டுக்காரன் மாப்பிள்ளையிடம் இல்லை என்று சொல்லக் கூடாது. இது எங்கும் எழுதி வைத்த சட்டம் இல்லை. அதனால்தான் எல்லோரும் ஒழுங்காகப் பின்பற்றினார்கள். கல்யாணத்தன்று பந்தல் வாசலில் மாமாவின் காலைக் கழுவி, மாலை போட்டு உள்ளே அழைத்து வந்தவன் நான். அன்றிலிருந்து அவர் கேட்டு நான் மறுத்ததில்லை. கோழி அடிக்கச் சொன்னால் கோழி, சைக்கிள் கேட்டால் சைக்கிள். அவர் மனம் கோணினால் அது அக்காவின் தலையில்தான் விடியும். இப்படிப்பட்ட ஆளைத்தான் டாக்டர் காவலுக்குப் போட்டார். நான் ஓ.டி.யில், அதாவது கடலூர் பழைய டவுனில், ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாத்தியார். கோடை விடுமுறை. தப்பிக்க ஒரு சாக்கும் இல்லை.

வைத்தியம் காலையில் ஒரு டம்ளர் கஷாயத்தோடு ஆரம்பிக்கும். பிறகு டிரில். அக்கினி நட்சத்திர வெயிலில் பனியனும் அரை டிராயருமாகத் தொந்திகள் வரிசையாக நின்று கையைத் தூக்கி இறக்கும். அதன் பிறகு ஆண்மை பற்றி ஒரு பிரசங்கம். பிரசங்கத்துக்கு நடுவில் டாக்டர் மடியிலிருந்து மூக்குப்பொடி மட்டையை எடுத்து, ஒரு சிட்டிகை பொடியை ஒவ்வொரு மூக்கிலும் ஏற்றிக்கொண்டு, "ஒரு வஸ்துவுக்கு அடிமையாகிறவன் ஆணே அல்ல" என்பார். பொடி போட்டுப் போட்டு அவர் மூக்குக்கு வாசனையே தெரியாது. பின்னால் இது எத்தனை பேருக்கு வசதியாகப் போயிற்று என்பதைச் சொல்கிறேன்.

சாயந்திரம் பாட்டில் பயிற்சி. சாராயத்தைக் கண்ணெதிரில் வைத்துக் குமட்டல் மருந்து கொடுத்து வெறுக்க வைப்பது அவருடைய திட்டம். அதற்குச் சாராயம் வேண்டும், சாராயத்துக்கு சர்க்கார் பெர்மிட் வேண்டும். மனுப் போட்டார், மஞ்சக்குப்பத்து கலெக்டர் ஆபீஸில் அது எந்த மேஜையில் தூங்கியதோ தெரியாது. கடைசியில் ஒரு காலி பிராந்திப் பாட்டிலை முக்காலி மேல் வைத்து, எல்லோரையும் சுற்றி உட்காரச் சொல்லி, "அதைப் பாருங்கள், வெறுங்கள்" என்றார். ஏழெட்டு ஆண்கள் அந்தக் காலிப் பாட்டிலைப் பார்த்தார்கள். அத்தனை அன்பான பார்வையை நான் அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் கண்டதில்லை.

முதல் சில நாட்கள் மாமாவுக்கு நிஜமாகவே கஷ்டம். டம்ளரைப் பிடித்தால் கை ஆடி, காப்பி மடியில் கொட்டும். இந்தக் கையால்தானே ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போனார் என்று நினைத்தேன். கோபமாகவும் இருந்தது, பரிதாபமாகவும் இருந்தது. இரண்டையும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. துண்டை எடுத்து மடியைத் துடைத்துவிட்டேன்.

இரண்டாவது வாரம் மச்சான்கள் வேலை செய்யத் தொடங்கினார்கள். முதலில் சேத்தியாத்தோப்பு மிராசுதார் ஒருவருடைய மச்சான். மிராசுதார் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு ஏதோ காதில் சொன்னார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போய், வெந்நீர் ஃபிளாஸ்கோடு திரும்பி வந்தான். அதில் வெந்நீர் இல்லை. அடுத்தது பினாங்கில் கடை வைத்திருந்து திரும்பிய பரங்கிப்பேட்டை பாய் ஒருவர். அவருக்குத் துணையாக வந்திருந்த மச்சான் கருவாட்டு வியாபாரி, ஆறடி ஆள், குரல் கொடுத்தால் சந்தே திரும்பிப் பார்க்கும். அப்படிப்பட்டவர் பாயின் முன்னால் பூனைக்குட்டி மாதிரி நிற்பார். பிச்சாவரம் பக்கத்துக் கழிமுகத்திலிருந்து சைக்கிள் டியூபில் அடைத்து வரும் சரக்கு எங்கே கிடைக்கும் என்று அந்த வியாபாரிக்குத் தெரிந்திருந்தது. பாவம், தொழுகை தவறாத மனிதர்; பாட்டிலைத் தொடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

டாக்டர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தார். பூக்காரி சந்துக்குள் எட்டிப் பார்த்தால் எழுந்து நின்று விரட்டுவார். ஃபிளாஸ்க்கும் கூஜாவுமாக உள்ளே நுழையும் மச்சான்கள் அவருக்கு சல்யூட் அடிப்பார்கள். அவரும் திருப்பி அடிப்பார்; பொடி ஏறிய அவர் மூக்குக்குச் சாராய வாடை எட்டவில்லை. உள்ளே வந்த சரக்கு ஒருவரோடு நிற்குமா? பாய் தன் பங்கில் மாமாவுக்கும் கொடுத்தார். எல்லோருக்கும் கை நடுக்கம் நின்றுவிட்டது. டாக்டர் வரிசையாகக் கைகளை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, கஷாயம் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

பங்குச் சரக்கு மாமாவுக்குப் போதவில்லை. ஒரு நாள் சாப்பிட்டு முடித்ததும் என்னைப் பின்கட்டுக்கு அழைத்தார்.

"மச்சான், எல்லாருக்கும் அவுங்கவுங்க மச்சான் வாங்கியாந்து குடுக்கறான். நான் பாய்கிட்ட கையேந்திக்கிட்டு இருக்கேன். நல்லாவா இருக்குது?"

"கட மூடியிருக்குது மாமா" என்றேன்.

"திருட்டுச் சரக்குக்கு கட எங்கடா இருக்குது, மூடறதுக்கு?"

மறுநாள் போலீஸ் நடமாட்டம் என்றேன். அதற்கு மறுநாள் எனக்குக் காய்ச்சல் என்று போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தேன், மே மாதத்தில். இல்லை என்ற ஒரே ஒரு சொல்லை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. கடைசியில் மாமா, ஏழெட்டு நோயாளிகளும் கையில் வைத்திருந்த அந்த ஆயுதத்தை எடுத்தார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"சரி. உன்னால ஆவாதுன்னா வுட்டுடு. நாளைக்கே உங்கக்காவ வந்து கூட்டிட்டுப் போயிடு. எங்க வீட்ல வேணாம்."

பல வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். காப்பியில் சக்கரை ஜாஸ்தி என்றால் உங்கக்காவ கூட்டிட்டுப் போ. தீபாவளிக்கு வேட்டி மட்டமாக இருந்தால் கூட்டிட்டுப் போ. இதைக் கேட்டதும் எங்கள் வீட்டில் ஆளுக்கு ஆள் ஓடிப்போய்க் கையைப் பிடித்துச் சமாதானம் செய்வோம். இந்த முறையும் என் கால் தானாகவே வெளியே கிளம்பியது. கையில் ஃபிளாஸ்க். சாராயம் விற்கும் வீட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். நான் நேரே நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கடலூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். தைரியத்தில் இல்லை; அக்காவிடம் கேட்டுக்கொண்டு வாங்கலாம் என்றுதான்.

அக்கா மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். என்னையும் ஃபிளாஸ்க்கையும் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். காலிப் பாட்டிலைச் சொன்னபோது சிரித்தாள். மச்சான்கள் சல்யூட் அடிப்பதைச் சொன்னபோது மிதித்துக்கொண்டே சிரித்தாள். கூட்டிக்கொண்டு போகச் சொன்னார் என்றதும் மெஷின் நின்றது.

"அங்க போயும் அதத்தான் சொன்னாரா?"

"ஆமாக்கா."

"ஏன்டா, ஸ்கூல்ல சின்னப் பசங்க தோல உரிக்கற. இவருகிட்ட இல்லன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?"

"பசங்க யாரும் உன்னக் கட்டிக்கலையே அக்கா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசியிலிருந்து துணியை உருவி மடியில் போட்டுக்கொண்டாள். எனக்கு அவள் அழுதால் தேவலை என்று இருந்தது. கல்யாணமானதிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"அந்த பரங்கிப்பேட்ட பாய் கேட்டா இல்லன்னு சொல்லுவியா?"

"அவருக்கென்ன, தாராளமா சொல்லுவேன். எனக்கும் அவருக்கும் என்ன ஒறவு?"

"அப்ப நீ அவரப் பாத்துக்க. அவரு மச்சான உங்க மாமாவப் பாத்துக்கச் சொல்லு. எல்லாரும் மாத்திக்குங்க. இதுக்கு எதுக்குடா டாக்டரு?"

சொல்லிவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள். நான் ஃபிளாஸ்கில் நிஜமாகவே வெந்நீர் நிரப்பிக்கொண்டு சிதம்பரத்துக்குத் திரும்பினேன்.

கிணற்றடியில் மச்சான்களைக் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். கருவாட்டு வியாபாரி வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். "அட அல்லாவே, இது எனக்குத் தோணாம போச்சே! டிரைவர என்கிட்ட குடுங்க வாத்தியாரே, நான் பாத்துக்கறேன்" என்றார். சீட்டுக் குலுக்காமலே ஆளுக்கு ஒருவரை எடுத்துக்கொண்டோம். அன்று சாயந்திரமே எல்லோரும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு இடம் மாறிப் படுத்தோம். டாக்டர் எண்ணிக்கை மட்டும்தான் பார்ப்பார். எண்ணிக்கை சரியாக இருந்தது.

மறுநாள் காலையில் மாமா கருவாட்டு வியாபாரியைப் பார்த்து, "பாய், ஒரு ஃபிளாஸ்க்..." என்று ஆரம்பித்தார். சந்தே அதிர்ந்தது.

"யார்யா உனக்கு வாங்கியாறது? பொண்டாட்டி தையல் மிஷின்ல கால ஒடிச்சிக்கிட்டுக் கெடக்கறா, உனக்கு சரக்கு கேக்குதா? ஒரு பொண்ணக் கட்டிக்கிட்டு வந்து வச்சிக்க வக்கில்லாதவன் எல்லாம் ஒரு ஆம்பளையா?"

இத்தனையும் மாமாவைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் எதிர்க் கட்டிலில் உட்கார்ந்திருந்த பினாங்கு பாய்தான் தலையைக் குனிந்துகொண்டார். பத்து வருஷமாகத் தங்கையின் வீட்டு வாசலில் மென்று முழுங்கியதையெல்லாம் கருவாட்டு வியாபாரி ஒரு பஸ் டிரைவரின் தலையில் கொட்டிக்கொண்டிருந்தார்.

என் முறையும் வந்தது. பினாங்கு பாய் என்னிடம் ரகசியமாகக் கேட்டார். நான் எழுந்து நின்றேன். "கொஞ்சங்கூட வெக்கமா இல்ல? கேட்டது கெடைக்கலன்னா பொண்டாட்டிய அவ வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு மிரட்டறீங்களே, அவ என்ன கடையில எடுத்த சாமானா, வேண்டாம்னா திருப்பிக் குடுக்க?" என்றேன். பாய் அப்படி மிரட்டினாரா என்று எனக்குத் தெரியாது. எதிர்க் கட்டிலில் மாமா கஷாய டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. அத்தனை சுகமாக நான் எந்த வகுப்பிலும் பாடம் நடத்தியதில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் தினமும் திருவிழாதான். யாருடைய மச்சானோ யாருடைய மாப்பிள்ளையையோ திட்டிக்கொண்டிருப்பான். சேத்தியாத்தோப்பு மச்சான், பரம சாது என்று நாங்கள் நினைத்திருந்தவன், ஒரு தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவை அழவே வைத்துவிட்டான். சரக்கு வருவது நின்றது. கை நடுக்கம் மறுபடி வந்தது; இந்தத் தடவை நிஜமான நடுக்கம். இரண்டு பேர் ராத்திரியில் சுவரேறிக் குதித்துப் போனார்கள், ஒருவர் திரும்பி வரவே இல்லை. மாமா வியர்த்துக் கொட்டி, வாந்தியெடுத்து, கருவாட்டு வியாபாரியின் தோளில் சாய்ந்து கிடந்து, கஷ்டப்பட்டுத் தேறினார். ஒரு நாள் காலையில் அவர் டம்ளரைப் பிடித்தபோது காப்பி கொட்டவில்லை. அவர் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன்.

மண்டலம் முடிந்த அன்று டாக்டர் ஒரு விழா நடத்தினார். சாமியானா, சோடா, மைக். "இந்த வீட்டில் ஒரு மண்டலமாக ஒரு பெண்ணின் நிழல்கூட விழவில்லை. பெண்ணின் யோசனை ஒன்றுகூட இந்த வைத்தியத்தில் கலக்கவில்லை. அதுவே வெற்றியின் ரகசியம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். நோயாளிகளின் மனைவிமார் விழாவுக்கு வந்திருந்தார்கள்; அனுமதி இல்லாததால் சந்து முனையில் ஒரு வெல்ல மண்டி வாசலில் நிழலுக்கு ஒதுங்கி நின்றார்கள். அக்காவும் நின்றாள். மாமா டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதத்தோடு வெளியே வந்து, அதை அவளிடம் கொடுத்தார். அவள் அதைப் படித்துவிட்டு மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். யோசனை யாருடையது என்று மாமாவுக்குத் தெரியாது. அவள் சொல்ல வேண்டாம் என்றாள்.

முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மாமா மறுபடி ஸ்டியரிங் பிடித்தார். பஸ் ஒழுங்காக ரோட்டிலேயே போனது. ஆனால் எனக்கு ஒரு கவலை இருந்தது. வீட்டில் கருவாட்டு வியாபாரி இல்லை. வீட்டில் நான் மறுபடியும் மச்சான்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் வேலை முடிந்து மாமா என் அறைக்கு வந்தார். நான் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் உட்காரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், கெளம்பு. பாண்டி வரைக்கும் சும்மா ஒரு நட போயிட்டு வந்துடலாம். ரெண்டு மாசமா ஒடம்பு வலி தாங்கல" என்றார்.

எனக்குக் கடை மூடியிருப்பது ஞாபகம் வந்தது, போலீஸ் ஞாபகம் வந்தது, காய்ச்சல் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தேன். "இல்ல மாமா. நான் வரல. நீங்களும் போவக்கூடாது" என்று வந்தது.

அவர் என்னை முதல்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அப்படியா? அப்ப உங்கக்காவ வந்து கூட்டிட்டுப் போயிடு."

"சரி மாமா. இப்பவே வரேன்" என்று ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினேன்.

அவர் வீடு ஓ.டி.யின் மறுகோடியில். அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். வழியில் ஒரு டீக்கடை வந்தது. நின்றார். "டீ குடிக்கறியா?" என்றார். வேண்டாம் என்றேன். இரண்டாவது தடவை சுலபமாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் நடை மெதுவாகிக்கொண்டே போயிற்று. நான் திரும்பிப் போய்விடுவேன் என்று அவர் எதிர்பார்த்தார். அவர் திரும்பிச் சமாதானம் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். வீடு வந்துவிட்டது.

"உன் தம்பி உன்ன கூட்டிட்டுப் போவ வந்திருக்கான்" என்றார், என்மேல் புகார் சொல்வது போல.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "நீயா?"

"பாண்டிக்குக் கூப்புட்டாருக்கா. மாட்டேன்னுட்டேன். உன்னக் கூட்டிட்டுப் போன்னாரு. சரின்னுட்டேன்."

அவள் எழுந்து உள்ளே போனாள். குழந்தைகளின் துணிகளைப் பெட்டியில் அடுக்கும் சத்தம் கேட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்துவிட்டு, பெண்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டாள்.

மாமா குறுக்கே வந்து நின்றார். "ஏய், எங்க கெளம்பற? நான் சும்மாதான் சொன்னேன்."

"இத்தினி வருசமா சும்மாதான் சொன்னீங்களா?"

"பின்ன? உன்ன அனுப்பிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

அக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்க சொல்லும்போதெல்லாம் நான் உங்களுக்குப் பயந்துதான் கெடக்கறன்னு நெனச்சீங்க. உங்களுக்குப் பயப்படல. நெஜமாவே அனுப்பிட்டீங்கன்னா, என்ன கூட்டிக்கிட்டுப் போவ எங்க வீட்லேந்து ஒருத்தரும் வர மாட்டாங்களேன்னு அதுக்குத்தான் பயந்துகிட்டு இருந்தன்" என்றாள்.

என் கையில் பெட்டி கனத்தது. அவளைக் காப்பாற்றத்தான் இத்தனை வருஷமாக நாங்கள் எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தோம்.

மாமா வந்து என் கையிலிருந்து பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். அன்றைக்கு அவர் பாண்டிக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு குடியைத் தொடவே இல்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். இரண்டு மூன்று தடவை தவறியிருக்கிறார், எழுந்தும் இருக்கிறார். ஆனால் உங்கக்காவக் கூட்டிட்டுப் போ என்ற பேச்சு மட்டும் அந்த வீட்டில் மறுபடி வரவே இல்லை. சொன்னால் நான் வந்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.